மரத்தூள் கிராமம்

தீக்குச்சியில் கோயில் கட்டுகிறவனுக்கு முதலில் வருகிற சிக்கல் கோபுரம் அல்ல, மருந்து. குச்சியின் தலையைக் கிள்ளிப்போட்ட பிறகுதான் உடம்பு வேலைக்கு உதவும். தொண்ணூற்றிரண்டு வாக்கில், தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். சில மாத உழைப்பில் இரண்டு நிலைக் கோபுரம் ஒன்றும், ஒரு பால்மா டின் நிறையத் தீக்குச்சித் தலைகளும் சேர்ந்தன. கோபுரத்தை யாரும் பாராட்டவில்லை. டின்னை மட்டும் என் மனைவி தினமும் பார்த்தாள்.

டவுனில் நான் நெருப்புப் பெட்டி வாங்கும் கடைக்காரரை, அவர் முஸ்லிம் என்பதால், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது அவர் சத்தமாகக் கேட்டார்.

"கிளாக்கர் தம்பி, மறுபடியும் ஒரு கட்டா? தோட்டத்துல கரண்ட் இல்லையா, இல்லாட்டி தோட்டத்தையே கொளுத்தப் போறீங்களா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிகரெட் வாங்க வந்து நின்ற பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் தமிழன் ஒருவன் நெருப்புப் பெட்டியைக் கட்டுக் கட்டாக வாங்குவதற்குக் கலை என்பது போதுமான காரணமாக இருக்கவில்லை. அன்று டவுனிலிருந்து நான் நடந்தே வந்தேன். பஸ்ஸில் யார் மடியிலாவது அந்தக் கட்டு விழுந்துவிடுமோ என்று பயம்.

மனைவி வாசலிலேயே நின்றாள். ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் வீட்டுக்கும் வரும்.

"அந்த டின்ன என்னா செய்யப் போறீங்க?"

"எறியிறதுக்கு எடம் தேடுறேன்."

"வெளிய யாரும் கேட்டா இப்படியே சொல்லிடாதீங்க."

ஒரு மழை நாளில் வாழையடியில் புதைத்தோம். அந்த வாழை குலை தள்ளியபோது கொஞ்சம் தள்ளி நின்றே வெட்டினோம்.

அடுத்தது முகமூடி. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு ரப்பர் பாலில் ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு அவமானமாகப்பட்டது. பெரிய கிளாக்கரிடம் சொல்லி ஒரு போத்தல் பால் வாங்கி, என் முகத்திலேயே பூசி, அசையாமல் படுத்துக் காயவிட்டேன். முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். புருவத்துக்குத் தடவ மறந்துவிட்டேன். பால் காய்ந்தால் உரியும். ஆனால் தனியாக உரியாது.

மயிர் முளைத்துவிடும் என்று மனைவி ஆறுதல் சொன்னாள். முளைக்கத்தான் செய்தது. ஆனால் பழைய அடையாள அட்டை நனைந்து எழுத்தழிந்து போயிருந்ததால், புதியதற்குப் படம் பிடிக்க அந்த வாரமே போக வேண்டியிருந்தது. அதனால் என் தேசிய அடையாள அட்டையில் புருவம் இல்லாத ஒருவன் இருக்கிறான். கண் இரண்டும் எதையோ செய்துவிட்டு மாட்டிக்கொண்ட கண்களாக இருக்கும். அதற்குப் பிறகு எந்தச் சோதனைச் சாவடியிலும் என்னை ஒரே பார்வையில் விட்டது கிடையாது. அட்டையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடி அட்டையைப் பார்ப்பார்கள். நான் புருவத்தை உயர்த்திக் காட்டுவேன். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும்.

இந்த முகத்தோடுதான் ஒரு தடவை கடிகாரத்தைச் சுமந்துகொண்டு போனேன். தங்கச்சி ஓப்பநாயக்கவில் புது வீடு குடி போனாள். தேங்காய்ச் சிரட்டைகளை இழைத்து, நடுவில் பற்றரிக் கடிகாரம் பொருத்தி, பேப்பரில் சுற்றி எடுத்துப்போனேன். இரத்தினபுரிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். என் மடியில் இருந்த பொட்டலம் டிக் டிக் என்றது. அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"நீயே பிரி. அங்க போய்ப் பிரி," என்றார் கான்ஸ்டபிள். வயல் வரம்பைக் காட்டினார். துவக்கு என் பக்கம்தான் இருந்தது.

நான் தனியாக வரம்பில் நடந்து போய்க் குந்தி, பேப்பரைப் பிரித்தேன். ரோட்டில் பஸ் ஜனம் முழுவதும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றது. என் கலைப் படைப்பு ஒன்றை இத்தனை பேர் மூச்சுவிடாமல் பார்த்தது அதுவே முதலும் கடைசியும். பற்றரியைக் கழற்றிக் காட்டினேன். திரும்பி வந்து பஸ்ஸில் ஏறியபோது என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. தங்கச்சி வீட்டுச் சுவரில் அந்தக் கடிகாரம் பிறகு ஒரு நாளும் சரியான நேரம் காட்டியதில்லை.

"இனிமே சத்தம் போடாததா, தீப்பத்தாததா, நாறாததா எதையாவது செய்ங்க," என்றாள் மனைவி.

அப்படி நான் தேர்ந்தெடுத்ததுதான் மட்டை. வெறும் காட்போட் மட்டை. எங்கள் தோட்டத்தையே சிறியதாகச் செய்து ஒரு பலகையில் வைப்பது என்று தீர்மானித்தேன். இதைவிட அப்பாவியான பொழுதுபோக்கு உலகத்தில் உண்டா?

அது சமாதானப் பேச்சு நடந்த காலம். எங்கள் சந்தியில் இருந்த சோதனைச் சாவடியைக்கூட எடுத்திருந்தார்கள். முன்னறையில் ஒரு பிளைவூட் பலகையைப் போட்டேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்கள், ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலை, அதன் புகைக்கூண்டு, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறை, பிள்ளைக் காம்பரா, கோயில், எல்லையில் ஓடும் சிற்றாறான ஓயா, அதன் மேல் பாலம். எல்லாவற்றையும் காலடியால் அளந்து, அளவுகளைப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ரப்பர் மரங்களுக்கு ஈர்க்குச்சி. இலைக்கு, மனைவி குளிக்கும் ஸ்பொஞ்சைக் கிள்ளிப் பச்சை மை ஏற்றினேன். அதற்கு இரண்டு நாள் அவள் பேசவில்லை. ஓயாவுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். எங்கள் பேச்சில் அது "நாட்டுப் பக்கம்". அங்கே பலகையில் மிச்சம் இருந்த இடத்தில் பசை தடவி, பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவினேன். அழகாகத்தான் இருந்தது.

சில வருடத்தில் சமாதானம் முடிந்தது. சந்தியில் சாவடி திரும்ப வந்தது. எனக்கு உண்மைக்கு விசுவாசமாக இருப்பது என்று ஒரு வியாதி உண்டு. உடனே மட்டையில் ஒரு சாவடி செய்து சந்தியில் ஒட்டினேன். மண்மூட்டைக்குக் கொண்டைக்கடலை. காவலுக்கு நிற்கிறவனுக்குப் பழைய கோயிலில் மிஞ்சிய, தலை கிள்ளிய தீக்குச்சி ஒன்று.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும், மனைவி பிள்ளைக் காம்பராவில் இருந்து ஓடி வந்தாள். எனக்கு அன்று லீவு.

"பொலிஸ்காரங்க லயத்துல சோதன போடப் பூந்துட்டாங்க. மேல் லயம் முடிஞ்சிருச்சு. அடுத்தது குவாட்டர்ஸ். அத எடுங்க!"

"எத?"

"எதயா? ஸ்டோரு, பாலம், பொலிஸ் பொயின்ட்டு, அளவு வேற எழுதி வச்சிருக்கீங்களே, அதத்தான்! போன மாசம் கீழ் லயத்துப் பையன போன்ல படம் எடுத்ததுக்கே கொண்டு போனாங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவன் திரும்பி வர மூன்று கிழமை ஆனது. வந்த பிறகும் யாரோடும் பேசுவதில்லை.

பலகையை ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெறும் பிளைவூட்டாக அது வீட்டுக்குள் வந்தபோது சரித்துக் கொண்டுவந்தோம். இப்போது அதைக் கதவு வழியாகக் கொண்டுபோக வேண்டுமானால் தோட்டத்தையே சரிக்க வேண்டும். கொஞ்சம் சரித்தோம். கீழ் லயன் ஒன்று நழுவி ஓயாவில் விழுந்தது. கதவு நிலையில் புகைக்கூண்டு இடித்தது.

"ஒடைங்க," என்றாள்.

"ஆறு வருச வேல."

"ஒடைக்கலன்னா ஆறு வருசம் உள்ளதான்."

சுத்தியலைக்கூட எடுத்துவிட்டேன். எதை முதலில் உடைப்பது என்று யோசித்த நேரத்தில் நாய் குரைத்தது. மனைவி படுக்கை விரிப்பை உருவிக் கொண்டுவந்து பலகை மேல் போட்டாள். புகைக்கூண்டு நடுவில் நிமிர்ந்து நின்றதில், உள்ளே யாரோ மூக்கை நீட்டிக்கொண்டு படுத்திருப்பதுபோல ஆகிவிட்டது. பிணமாக இருந்தாலும் கேட்பார்கள், ஒளிந்த ஆளாக இருந்தாலும் கேட்பார்கள். விரிப்பை உருவினாள். அவர்கள் உள்ளே வந்தபோது அவள் கையில் விரிப்பும் என் கையில் சுத்தியலும் இருந்தன.

ஒரு சார்ஜன்ட், இரண்டு கான்ஸ்டபிள்கள். சார்ஜன்டை எனக்கு முகம் தெரியும். ஓயாவுக்கு அந்தப் பக்கத்து ஆள். டவுனில் மீன் வாங்கும்போது பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கான்ஸ்டபிள்களில் ஒருவர் தூர இடத்துப் பையன், முகத்தில் அவசரம் தெரிந்தது. எல்லோரும் சிங்களத்தில்தான் பேசினோம். எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை.

"மேக்க மொகத்த?" இது என்ன என்றார் சார்ஜன்ட்.

"தோட்டம் சார். மட்டையில செஞ்சது."

இளம் கான்ஸ்டபிள் ஏற்கெனவே பலகைமேல் குனிந்திருந்தார்.

"சார், இங்க பாருங்க, நம்ம பொயின்ட்! ஆளும் நிக்கிறான். அளவு எல்லாம் எழுதியிருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "அவனுக்குத் தலை எங்க?"

அது தீக்குச்சி, தலையைத் தொண்ணூற்றிரண்டிலேயே கிள்ளிவிட்டேன், வாழையடியில் புதைத்திருக்கிறேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. மனைவி என் காலை மிதித்தாள்.

"ஸ்டேஷனுக்குக் கொண்டு போவோம் சார்," என்றார் கான்ஸ்டபிள்.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். ஒரு விரல் சந்தியில் இருந்து புறப்பட்டது. ரோட்டு வழியாக வந்து, ஸ்டோரைத் தாண்டி, பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. இறங்கிய இடத்தில் நின்றுவிட்டது.

"இது என்ன?"

"மரத்தூள் சார்."

"மரத்தூள்னு எனக்கும் தெரியும். இங்க என்ன இருக்கு?"

"கிராமம்."

"எங்க?"

அவர் விரலால் மரத்தூளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தார். அடியில் பிளைவூட்தான் இருந்தது.

"நாய்க்கூடு வச்சிருக்கீங்க," என்றார். பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருந்ததை அவர் கண் பிடித்திருந்தது. "நான் பிறந்த வீட்டைக் காணோம்."

எழுந்து கை நீட்டினார். அடையாள அட்டையைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"கிராமத்தை வை. என் வீட்டை வை. சரியா இருந்தா இது கிடைக்கும். இல்லாட்டி இந்தத் தம்பி சொல்றதைச் செய்றேன்."

"சார், அடுத்த வெள்ளிக்கிழமை ஓப்பநாயக்க போகணும். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன்."

"அப்ப வியாழக்கிழமை வாறேன்."

அவர்கள் படியிறங்கியதும், எனக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி கேட்டாள்: "சிரிச்சிக்கிட்டா சொன்னாரு?"

"தெரியல."

"மொகத்தப் பாத்தீங்கல்ல?"

"பாக்கெட்டத்தான் பாத்தேன்."

அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாத தமிழன் வீட்டு வாசலைத் தாண்டுவதே சங்கடம். எங்கள் சந்தி, அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, ஓப்பநாயக்கவுக்குள் எத்தனை சாவடி. ஒன்றில் கேட்டாலும் போதும். பெரிய கிளாக்கரிடம் யோசனை கேட்டேன். "வச்சிக் குடுத்துடுங்க, வம்பில்லாம," என்றார். தங்கச்சி போனில் அழுதாளா சீறினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"பொம்ம வூடு கட்டி ஐடென்டிய அடகு வச்சிட்டியாண்ணே? தாய்மாமன் இல்லாம புள்ளைய யாரு மணவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போறது? நீ குடுத்த கடிகாரமா?"

ஆக, ஒரு வீடு செய்ய வேண்டும். அவ்வளவுதானே என்று உட்கார்ந்தபோதுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்தக் கிராமத்தின் முகப்பில் ஒரு கடையும் விகாரையின் வெளி வாசலும் எனக்குத் தெரியும். அதற்கு உள்ளே நான் போனதே கிடையாது. தோட்டத்துக்காரர் யாரும் வேலையில்லாமல் போவதில்லை. இத்தனை வருடத்தில் எனக்கும் ஒரு வேலை வரவில்லை. வீட்டைப் பார்க்காமல் வீடு செய்ய முடியாது. பார்ப்பதென்றால் போக வேண்டும். அட்டை இல்லாமல், அளவு நாடாவோடு.

"நான் ஞாயித்துக்கெழம போறேன்," என்றேன்.

"ஒத்தையா போனா புடிச்சிக் கட்டிப் போட்டுடுவாங்க. பொம்பள கூட வந்தா கேள்வி மட்டும்தான் கேப்பாங்க," என்று அவள் சேலையை மாற்றினாள்.

பாலத்தைத் தாண்டினோம். கடை வாசலில் பேச்சு நின்றது. நான் யாரையும் பார்க்காமல் மனதுக்குள் காலடியை எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்ணும்போது என் உதடு அசையும் என்பது எனக்குத் தெரியாது. மனைவி பிறகு சொன்னாள், மந்திரம் சொல்லிக்கொண்டு போகிறவன் மாதிரி இருந்ததாம்.

முதல் வளைவில் மதகு. நாடாவின் ஒரு நுனியைக் கல்லில் மாட்டிவிட்டு நான் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது நுனியை ஒரு மனிதர் பிடித்திருந்தார். வெறும் மேல், தோளில் துண்டு. விடவில்லை. நாடா எங்கள் இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. அவர் பக்கத்தில் ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், துவக்கைத் தோளில் இருந்து கைக்கு மாற்றினார்.

"மதகை எதுக்கு அளக்குற?"

"சாஜன் மாத்தயா வீட்டுக்கு," என்றேன். மாத்தயா என்றால் ஐயா.

"அவர் வீட்டுக்கு மதகு எதுக்கு? ஐடென்டி எங்க?"

"சாஜன் மாத்தயாகிட்ட."

"ஏன் அவர்கிட்ட?"

"அவர் வீடு இல்லாததால."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. கடையில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர், சாஜன் வீட்டுக்கு என்ன ஆனது என்று கேட்டார். இன்னொருவர், இவன் எதையோ வைத்துவிட்டான் என்றார். கீழ் லயத்துப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

மனைவி முன்னால் வந்தாள். துவக்குக்காரரைப் பார்த்துப் பிள்ளைக் காம்பராக் குரலை எடுத்தாள். சிங்களத்தில் அந்தக் குரல் இன்னும் பெரிதாக இருந்தது.

"இந்தா பாருங்க ராளஹாமி, இவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. மட்டையில பொம்மை வீடு கட்டுவார். ஊரையே கட்டிட்டு உங்க பக்கத்த விட்டுட்டார். சாஜன் மாத்தயாவுக்குக் கோபம். இப்ப கட்ட வந்திருக்கார். நம்பாட்டி அவங்க வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டுதான் போனார்கள். துவக்கு பின்னால், நாடாவைப் பிடித்த மனிதர் முன்னால், நாடாவின் மறு நுனி என் கையில். யாரும் அதைச் சுருட்டவில்லை. ஒரு மேட்டில் ஏறி, கமுகு மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட வீட்டின் முன் நின்றோம். சார்ஜன்ட் டியூட்டியில் இருந்தார். அவர் மனைவி முறத்தோடு வெளியே வந்தார். எல்லோரையும் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"ஆ! வீடு செய்ற மாத்தயா! படத்துல பார்த்தேன், அதுல புருவம் இல்ல."

ஊர்க்காவல்காரர் துவக்கைத் தோளில் மாட்டினார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா என்னைச் சும்மா இருக்க விடவில்லை. கிணறு எங்கே, பலாமரம் எங்கே, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும், எல்லாவற்றையும் காட்டினார். நான் கூரையைப் பார்த்து, தகரம், என்று மனைவியிடம் குறிக்கச் சொன்னேன்.

"தகரம் வேணாம். ஓடு போடுங்க," என்றார்.

"ஆனா தகரம்தானே..."

"கல்யாணம் கட்டின நாள்ல இருந்து ஓடு போடுறேன்னுதான் சொல்றார். நீங்களாவது போடுங்க."

ஊர்க்காவல்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப என் வீடு?" நாடாக்காரர் கேட்கக்கூட இல்லை. நாடாவை இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சுவரை அளக்க ஆரம்பித்திருந்தார். பாலத்தைத் தாண்டித் திரும்பும்போது என் கையில் ஒரு கிராமத்தின் அளவும், மனைவி கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. கேட்டவர்கள் ஒருவரையும் விட முடியாது. விட்டால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

திங்கள், செவ்வாய், புதன். ஒபிஸ் விட்டதும் உட்காருவேன். மனைவியும் உட்கார்ந்தாள். என் பதினாறு வருடக் கலை வாழ்க்கையில் அவள் கத்தரிக்கோலைத் தொட்டது அப்போதுதான். கமுகு மரங்கள் முழுக்க அவள் கை வேலை. என்னுடையதைவிட நேராக நின்றன. நான் மரத்தூளைச் சுரண்டிச் சுரண்டி வீடுகளை நட்டேன். பசை காயவில்லை. மழைக்காலம், எதுவும் காயாது. விசிறியால் வீசினோம். தங்கச்சி தினமும் போன் எடுத்தாள். "வருவியா மாட்டியா, ஒரு வார்த்த சொல்லு." அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. அது பொத்தான் பூட்டிய ஒரு பையில் இருந்தது.

எனக்கு இருந்த பெரிய குழப்பம் கூரை. சரியாக இருந்தால்தான் அட்டை என்றவர் சார்ஜன்ட். இருப்பது தகரம். ஓடு வேண்டும் என்றவர் அவர் மனைவி. உண்மைக்கு விசுவாசமாக இருக்கிற வியாதிக்காரன் நான். இரண்டு கூரையும் செய்து வைத்தேன். வியாழக்கிழமை பின்னேரம் வரை தகரம்தான் இருந்தது.

"யாரு கோவம் பொல்லாதது?" என்றாள் மனைவி.

"சார்ஜன்ட்தான்."

"அந்த அம்மா மொகத்த நான் பாத்தேன். ஓட்டப் போடுங்க."

போட்டேன். போட்டுக் கையை எடுப்பதற்குள் வாசலில் சத்தம். சார்ஜன்ட் தனியாக வந்திருந்தார். சாரம் கட்டிப் பனியனோடு அல்ல, யூனிபோர்மேதான். சப்பாத்தை வாசலில் கழற்றினார். அது நல்ல அறிகுறியா என்று யோசித்தேன். வெளியே சேறாகவும் இருந்தது.

குந்தினார். விரல் அதே சந்தியில் இருந்து புறப்பட்டது. ரோடு, ஸ்டோர், பாலம். பாலத்தில் கொஞ்சம் நின்றது. அந்தப் பக்கம் இறங்கி, கடை, மதகு, நாடாக்காரர் வீடு, மேடு. ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவர் பெயரை முணுமுணுத்தார். கமுகு மரங்களுக்குள் நுழைந்தது. நின்றது.

"இது என் வீடு இல்ல."

விசிறி என் கையிலேயே இருந்தது.

"என் வீட்டுக்குத் தகரம்," என்றார்.

"தெரியும் சார். தகரமும் இருக்கு. மாத்திடலாம்." மேசையில் இருந்த மற்றக் கூரையை எடுக்கப் போனேன். பசை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"யார் ஓடு போடச் சொன்னது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கமுகு மரங்களைப் பார்த்தாள்.

"உங்க வீட்டு அம்மா."

சார்ஜன்ட் விரலால் ஓட்டுக் கூரையை லேசாகத் தொட்டார், ஈரமா என்று பார்ப்பதுபோல. ஈரமாகத்தான் இருந்தது.

"அவ வந்து பார்த்தாளா?"

"இன்னும் இல்ல சார்."

"பார்க்கட்டும்," என்றார். "பார்த்துட்டா பிறகு எனக்கு நிம்மதி இருக்காது. நிஜமாவே போட வேண்டியதுதான்."

பொத்தானைக் கழற்றினார். அட்டையை எடுத்து, ஒரு தடவை அட்டையையும் ஒரு தடவை என்னையும் பார்த்து, கையில் கொடுத்தார். அதில் வெற்றிலை வாசம் அடித்தது. நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. மனைவி பின்னால் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தது மட்டும் தெரியும்.

எழுந்தவர் போகவில்லை. திரும்பவும் சந்திப் பக்கம் குனிந்தார். கொண்டைக்கடலை மண்மூட்டைகளையும் தலையில்லாத காவல்காரனையும் பார்த்தார்.

"இதை யாரும் கேட்டாங்களா?"

"இல்ல சார். அங்க இருக்கு, அதனால வச்சேன்."

"எனக்குப் பிறகு வேற சார்ஜன்ட் வருவார். அவர் வீடு இங்க இருக்காது," என்றார்.

இரண்டு விரலால் சாவடியைப் பிடித்து ஒரு திருகு திருகினார். மூட்டை, தடுப்பு, காவல்காரன் எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்தது. என் பசை அவ்வளவுதான். அதைச் சட்டைப் பையில், என் அட்டை இருந்த இடத்தில் போட்டு, பொத்தானைப் பூட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனோம். சந்தியில் நிறுத்தினார்கள். கான்ஸ்டபிள் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார், விட்டார். ஓப்பநாயக்கவில் நான் போய் இறங்கும்போது பெண் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி என்னைப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த சிரட்டைக் கடிகாரத்தைப் பார்த்தாள். அது வழக்கம்போலத் தவறான நேரம்தான் காட்டியது. "வா, இன்னும் நேரம் இருக்கு," என்றாள்.

பலகையில் சந்தி இருந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும் மிஞ்சியது. சாவடி இருக்கிறது, அதனால் திரும்ப ஒன்று செய்து ஒட்ட வேண்டும் என்று என் வியாதி சில நாள் அரித்தது. கொண்டைக்கடலை வாங்கக்கூடப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். யுத்தம் முடிந்து பொலிஸ்காரர்கள் மண்மூட்டைகளைக் கழற்றி லொறியில் ஏற்றும்வரை, அந்த வட்டாரத்தில் சாவடி இல்லாத சந்தி எங்கள் முன்னறையில்தான் இருந்தது.